இடம் போதாத வளைவு

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெரு மாவனல்லையில் மகா ஓயாவைக் கடக்குமிடத்தில், ஆங்கிலேயர் 1833 ஆம் ஆண்டளவில் கட்டிமுடித்த பழைய பாலமொன்று இன்றும் பாரம் சுமந்து நிற்கின்றது. மாட்டு வண்டிக் காலத்தில் எழுந்த அப்பாலம் பிற்காலத்துப் பேருந்துகளையும் லொறிகளையும் தாங்குவதற்குக் காரணம் அதன் வளைவுகளேயன்றி வேறன்று. மேலிருந்து அழுத்தும் பாரத்தை வளைவின் ஒவ்வொரு கூறும் தன் அயற்கூறுக்குத் தள்ளிவிட, அது தனக்கு அடுத்ததற்குத் தள்ளிவிட, ஈற்றில் அப்பாரம் முழுவதும் அடித்தளத்தைச் சென்று சேர்கின்றது. மனிதனுடைய வாயிலும் இத்தகைய வளைவுகள் இரண்டு உண்டு: மேற்றாடையில் ஒன்று, கீழ்த்தாடையில் ஒன்று. பற்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்குமளவும் அவ்வளைவு நிலைபெறும். நடுவே ஒன்று போய்விடின் அயலிலுள்ளவை வெற்றிடத்தை நோக்கிச் சாயத் தொடங்கும். ஆயினும் இவ்வுவமையை இதற்கு மேல் நீட்டுதல் தகாது. பாலத்தின் கூறுகள் வைத்த இடத்திலேயே இருப்பவை. பற்களோ எலும்பில் நேரே இறுகப் பதிந்தவையல்ல. மெல்லிய நார்ப்படலமொன்றினால் எலும்போடு கட்டப்பட்டு, சிறிய அழுத்தமாயினும் அது நெடுநேரம் நீடிக்குமாயின் அதற்கிணங்கி நகர்ந்துகொடுக்கும் சுபாவமுடையவை அவை. எத்துப்பல், தெத்துப்பல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல், மேல்வரிசைக்கு முன்னே நீண்டு நிற்கும் கீழ்வரிசை என நாம் காணும் கோலங்கள் யாவும் இந்த அசையும் வளைவின் சரித்திரங்களே.

அவ்வளைவுக்குக் கணித சாத்திரத்தில் என்ன பெயர் என்ற வினா அறிஞரை நெடுங்காலம் அலைக்கழித்தது. பொன்வில் என்ற அமெரிக்கப் பல்மருத்துவர் 1885 இல், கீழ்த்தாடையின் மூட்டுகள் இரண்டையும் முன்பற்களின் நடுப்புள்ளியையும் கோடிட்டு இணைத்தால் பக்கமொன்று நான்கு அங்குலமுள்ள சமபக்க முக்கோணம் தோன்றும் என்றார். ஹோலி என்பவர் 1905 இல் அம்முக்கோணத்தை ஆதாரமாகக் கொண்டு எல்லா வாய்க்கும் உரிய பல்வளைவை வரைய முனைந்தார். 1949 இல் மக்கோனயில், ஷேர் என்ற இருவர், இரு முனைகளிலும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி தன் பாரத்தினாலேயே கொள்ளும் வளைவுதான் பல்வரிசையின் இலட்சிய வடிவம் என்று எழுதினர். நீள்வட்டம் என்போரும் பரவளைவு என்போரும் உளர். ஒவ்வொரு வடிவமும் சில வாய்களுக்கு அழகாகப் பொருந்துவதும் வேறு சில வாய்களுக்குச் சற்றும் பொருந்தாமற்போவதும் அளந்து பார்த்தவர் யாவரும் கண்ட உண்மையாதலால், இயற்கை ஒரே அச்சில் வார்ப்பதில்லை என்று கொள்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

பிரான்சு தேசத்துப் பொன் என்பவர் 1909 இல் வெளியிட்ட சூத்திரம் இதற்கு நல்ல சாட்சி. மேல் வெட்டும் பற்கள் நான்கின் அகலத்தையும் கூட்டி, அத்தொகையை நூறால் பெருக்கி 80 ஆல் வகுத்தால் முன்கடைவாய்ப் பற்களிடையே இருக்கவேண்டிய அகலமும், 64 ஆல் வகுத்தால் கடைவாய்ப் பற்களிடையே இருக்கவேண்டிய அகலமும் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. நான்கு பற்களின் கூட்டுத்தொகை 32 மில்லிமீற்றராயின், முறையே 40 மில்லிமீற்றரும் 50 மில்லிமீற்றரும் வரும். கேட்பதற்கு இனிய கணக்கே. ஆனால் அது பிரெஞ்சுக்காரரின் வாய்களை அளந்து பெற்றது. பிற இனத்தாரிடம் சோதித்தே கைக்கொள்ளவேண்டும் என்று பொன் தாமே எச்சரித்திருந்தார். பல தேசங்களில் சோதித்தபோது முன்பல்லின் அகலத்துக்கும் வளைவின் அகலத்துக்குமுள்ள சம்பந்தம் மிகத் தளர்ந்ததாகவே காணப்பட்டது. மாவனல்லைச் சிறுமி ஒருத்தியின் வாயைப் பிரெஞ்சுக் கணக்கால் அளந்து, உனக்கு இத்தனை மில்லிமீற்றர் குறைவு என்று தீர்ப்புச் சொல்வது, அயலான் அளவெடுத்துத் தைத்த சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டு உடம்பில் குறை காண்பதற்கு ஒப்பாகும்.

அளக்கும் முறையைச் சிறிது கவனித்தல் நன்று. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற்று என்னும் தூளைத் தண்ணீரில் குழைத்து, தட்டமொன்றில் இட்டுப் பல்வரிசைமீது அழுத்திப் பிடித்தால், சில நிமிடங்களில் அது இறுகிப் பற்களின் பள்ளம் மேடுகள் யாவற்றையும் கவர்ந்துகொள்ளும். அதனுள்ளே பாரிசுச் சாந்தை ஊற்றி உலரவிட்டால் அந்த வாயின் வெள்ளைப் பிரதிமை கைக்கு வந்துவிடும். அதன்மேல் நுண்ணளவுகோலின் கூர்நுனிகளை வைத்து, ஒரு வேட்டைப்பல்லின் முனையிலிருந்து மறு வேட்டைப்பல்லின் முனைவரை ஓர் அளவும், வலது கடைவாய்ப்பல்லிலிருந்து இடது கடைவாய்ப்பல்வரை ஓர் அளவும், முன்பற்களின் நடுவிலிருந்து பின்னோக்கி வளைவின் ஆழம் என்று ஓர் அளவும் எடுப்பர். பின்னர் மெல்லிய பித்தளைக் கம்பியைப் பற்களின் முகட்டு வழியே வளைத்துச் சென்று, அதை நிமிர்த்தி அளந்தால் வளைவின் சுற்றளவு கிடைக்கும். அச்சுற்றளவையும், பற்களைத் தனித்தனியே அளந்து கூட்டிய தொகையையும் அருகருகே எழுதிப் பார்த்தால் பெரும்பாலான வழக்குகள் அங்கேயே விளங்கிவிடும். இருக்கும் இடம் குறைவு. வேண்டிய இடம் அதிகம். இப்பொழுது இதையெல்லாம் ஒளிக்கற்றை கொண்டு கணினி செய்துவிடுகின்றதாயினும், அது செய்வதும் இதே கூட்டல் கழித்தல்தான்.

பற்களின் பொருத்தமின்மையை வகைப்படுத்தியவர் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கில். 1899 இல் அவர் வகுத்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. ஆறு வயதில் முளைக்கும் முதற்பெரிய கடைவாய்ப்பல்லை அவர் அளவுகோலாகக் கொண்டார். மேலும் கீழுமுள்ள அப்பற்கள் முறையாகப் பொருந்தி, மற்றப் பற்கள் மட்டும் நெருங்கியோ திரும்பியோ நிற்பின் அது முதல் வகை. கீழ்ப்பல் பின்னடைந்திருந்தால் இரண்டாம் வகை; முன்னேறியிருந்தால் மூன்றாம் வகை. வளைவின் வடிவமும் வகைக்கு வகை மாறுகின்றது. இரண்டாம் வகையின் முதற்பிரிவில், முன்பற்கள் வெளியே தள்ளிய பிள்ளைகளிடம், மேல்வளைவு பெரும்பாலும் ஒடுங்கி முன்னே கூர்ந்து காணப்படும், அண்ணமும் உயர்ந்திருக்கும். அதே வகையின் மறுபிரிவில் முன்பற்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் வளைவு அகன்று சதுரம்போலத் தட்டையாக நிற்கும். மூன்றாம் வகையில் மேல்வளைவு சிறுத்தும் கீழ்வளைவு அகன்றும் இருப்பதனால், மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே அமையவேண்டிய நியதி தலைகீழாகி, கீழ்ப்பற்களே வெளியே நின்று கடிக்கும்.

முதல் வகையே எண்ணிக்கையில் மிகுந்தது. அதிற் காணும் நெருக்கமே நம் வீடுகளிலும் அதிகம். அந்நெருக்கத்துக்குக் காரணம் பல் பெரிதாயிருப்பதா, வளைவு சிறிதாயிருப்பதா? 1983 இல் அமெரிக்காவில் ஹோ, மக்னமாரா, ஓகொனர் என்ற மூவர், பல் நெருங்கியோரையும் நெருங்காதோரையும் இரு கூட்டமாக நிறுத்தி அளந்தனர். இரு கூட்டத்தாரின் பல்லகலத்திலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. வளைவின் அகலமும் சுற்றளவுமே நெருங்கியோரிடம் குறைந்திருந்தன. இம்முடிவு உடற்கூற்றின் ஒரு விசேடத்தோடு நன்கு இயைகின்றது. பல்லின் முடி எலும்புக்குள்ளே மறைந்திருக்கும்போதே முழு அளவில் வார்க்கப்பட்டு விடுகின்றது. முதற் கடைவாய்ப்பல்லின் முடி பிறக்கும் தறுவாயில் இறுகத் தொடங்கி மூன்று வயதளவில் பூர்த்தியாகும். அதன் பின்னர் தேய்ந்தால் தேயுமேயன்றி, ஓர் அணுவளவும் அது வளர்வதில்லை. தாடையெலும்போ பதினெட்டு இருபது வயதுவரை வளர்வது. தன்மீது விழும் உழைப்பைப் பொறுத்துத் தடிப்பது, மெலிவது. ஆகவே பல் பாட்டன் பாட்டியரிடமிருந்து பெற்ற அளவோடு வருகின்றது. அதற்கு இடமளிக்கவேண்டிய எலும்பு அந்தப் பிள்ளை எப்படி உண்டு, எப்படி வாழ்ந்தது என்பதையும் தன்னுள் எழுதிக்கொண்டு வருகின்றது.

இதைச் சப்பிரகமுவ மண்ணிலேயே காணலாம். கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலைக்கு அருகிலுள்ள பெலிலென குகையிலும், இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டவிலுள்ள பட்டதொம்பலென குகையிலும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதரின் என்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. போல் தெரணியகல பலாங்கொடை மனிதன் என்று பெயரிட்ட அம்மக்களின் என்புகளைப் பின்னர் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் கென்னத் கென்னடி, அவர்களுடைய பற்கள் பெரியவை, தாடைகள் திண்ணியவை என்று குறித்தார். குகைமண்ணில் குரங்கு, அணில் முதலியவற்றின் எலும்பும், மர நத்தைகளின் ஓடும், காட்டு வாழையின் தடயமும், கெக்குன மரத்துக் கொட்டையின் கரிந்த ஓடும் கிடைத்துள்ளன. கெக்குனக் கொட்டையைக் கண்டவர்க்கு அது எத்தகைய வன்மையுடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை. அரிசிச் சோறும் கோதுமை மா ரொட்டியும் பருப்புக் கறியும் தேநீரில் தோய்த்த பிஸ்கற்றும் உண்ணும் நமது தாடைக்கும், வேட்டை இறைச்சியைப் பல்லாலேயே இழுத்துக் கிழித்த அவர்களுடைய தாடைக்கும் உழைப்பில் உள்ள தூரம் சாமானியமானதன்று.

உணவின் மென்மைதான் காரணம் என்று அடித்துக் கூறுவோர்க்கு ஆதாரம் இல்லாமலில்லை. ரொபேட் கொருச்சினி என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1980களில் சண்டிகர் பக்கத்துப் பஞ்சாபி இளைஞரை ஆராய்ந்து, நாட்டுப்புறத்தாரைவிட நகரத்தாரிடம் பற்பொருத்தம் கெட்டிருக்கக் கண்டார். 2004 இல் டானியல் லீபர்மனும் கூட்டாளிகளும், ஹைராக்ஸ் என்னும் சிறு விலங்குகளில் சிலவற்றுக்குச் சமைத்த மென்னுணவும் சிலவற்றுக்குப் பச்சையும் உலர்ந்ததுமான வன்னுணவும் கொடுத்து வளர்த்தபோது, மென்னுணவு உண்டவற்றின் முகத்திற் சில பகுதிகளின் வளர்ச்சி ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்திருந்தது. இருந்தும் ஒரு முடிச்சு அவிழவேண்டியிருக்கிறது. பல்லை நகர்த்துவது கனத்த அழுத்தமன்று, நீடித்த அழுத்தம் என்று பற்சீரமைப்பு நூல்கள் ஒருமுகமாகக் கூறுகின்றன. மெல்லும்போது எழும் விசை எவ்வளவு பலமானதாயினும் நாளொன்றுக்குச் சில நிமிடங்களே நிற்பது. அப்படியாயின் மெல்லுதல் வளைவை எவ்வாறு அகற்றும்? மெல்லுதல் பல்லை நகர்த்துவதில்லை. மெல்லுந் தசையையும் அது பற்றியிருக்கும் எலும்பையும் வளர்க்கின்றது, அவ்வெலும்பு வளர்ந்த அளவுக்கு வளைவுக்கு இடம் உண்டாகின்றது என்பதே பொருத்தமான விடை. இதனாலேயே, வளர்ந்து முடிந்த இளைஞன் கரும்பு கடித்தும் முறுக்கு மென்றும் தன் பல்வரிசையை நேராக்கிக்கொள்ளலாம் என்று நம்புவது வீண்முயற்சியாகும்.

நீடித்த மெல்லிய அழுத்தம் என்றேனே, அதைத் தருவன நாவும் உதடும் கன்னமும். உள்ளிருந்து நா தாங்க, வெளியிருந்து உதடும் கன்னமும் அணைக்க, அவற்றின் நடுவே பற்கள் தமக்குரிய ஸ்தானத்தைப் பெறுகின்றன. பிள்ளை விரல் சூப்பும்போது நா கீழே தாழ்கின்றது. கன்னங்கள் உள்ளே இழுபடுகின்றன. விரல் மேல் முன்பற்களை வெளியே தள்ளுகின்றது. மூன்று செயலும் ஒருமிக்க நிகழ்ந்தால் மேல்வளைவு ஒடுங்கி முன்னே கூராவதில் வியப்பென்ன? மூன்று நான்கு வயதுக்குள் பழக்கம் நின்றுவிட்டால் வளைவு பெரும்பாலும் தானே தேறிவிடும். நிரந்தரப் பற்கள் முளைத்த பின்னும் தொடர்ந்தால்தான் கேடு நிலைக்கும். சூப்பிக்கும் இதே நியாயம். வாயால் மூச்சு விடுவதைப் பற்றிப் பேசுவோர் அதிகம். எகில் ஹார்வோல்ட் என்ற ஆராய்ச்சியாளர் குரங்குகளின் மூக்கை அடைத்து வளர்த்த பரிசோதனையில் அவற்றின் முகமும் கடியும் மாறின என்பது மெய். ஆனால் எல்லாக் குரங்குகளும் ஒரே விதமாக மாறவில்லை. அடைத்த மூக்கைக் கொண்டே பிள்ளையின் பல்வரிசைக்குச் சாதகம் கணித்துவிட முடியாது.

இவ்வளவும் பெரிய காரணங்கள். றப்பர்த் தோட்டத்து லயங்களிலிருந்து மாவனல்லைக்கு வரும் பிள்ளையின் வாயில் நான் அதிகம் அஞ்சும் காரணம் இவற்றினும் சிறியது, தடுக்கக்கூடியது. பாற்பல் சூத்தையாகிறது, வலி பொறுக்கமுடியாமற் பிடுங்கப்படுகின்றது. பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தின் வாசலில் ஒரு தாய் கேட்ட கேள்வி இது: "விழுற பல்லுதானே மிஸ், புடுங்கி விட்டா என்னா?" சிகிச்சையாளர் பிள்ளையின் வாயைத் திறந்து, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னே அப்போதுதான் முரசைக் கிழித்துத் தலைகாட்டிக்கொண்டிருந்த பெரிய பல்லைக் காட்டினார். "விழுற பல்லுதான் அம்மா. ஆனா இன்னும் நாலஞ்சு வருசம் இது எடத்தப் புடிச்சு வச்சிருக்கணும். இப்ப எடுத்தா பின்னால நிக்கிறது முன்னுக்கு நகர்ந்துரும்." அந்தத் தாய் குனிந்து நெடுநேரம் பார்த்தாள், விழும் பல்லுக்கும் விழாத பல்லுக்கும் நிறத்திலே வேற்றுமை உண்டென்பதை, பாற்பல்லின் வெண்மைக்குப் பக்கத்தில் புதுப்பல் சற்று மஞ்சளாய் இருப்பதை, அன்றுதான் கண்டிருப்பாள் போலும்.

சிகிச்சையாளர் சொன்னது அளந்து நிறுவப்பட்ட உண்மை. ஹேஸ் நான்ஸ் என்ற பற்சீரமைப்பு வைத்தியர் 1947 இல் காட்டியபடி, பின்புறப் பாற்பற்களும் பால் வேட்டைப்பல்லும் சேர்ந்த அகலம், அவற்றின் இடத்துக்கு வரும் நிரந்தரப் பற்களின் அகலத்தைவிடச் சற்று அதிகம்: கீழ்த்தாடையில் பக்கத்துக்கு 1.7 மில்லிமீற்றர், மேற்றாடையில் 0.9 மில்லிமீற்றர். இயற்கை வைத்திருக்கும் இந்தச் சிறு சேமிப்பு, பாற்பல் தன் காலம்வரை நின்றால்தான் கைக்கு வரும். முன்னதாக அது போய்விட்டால் ஆறு வயதுப் பல் முன்னே சாய்ந்து, சேமிப்பையும் விழுங்கி, முதலையும் விழுங்கும். மேல்வரிசையில் முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் தத்தம் இடத்தைப் பற்றிக்கொண்டபின், பதினொன்று பன்னிரண்டு வயதில் கடைசியாக வந்து சேரும் வேட்டைப்பல்லுக்கு இடம் மிஞ்சுவதில்லை. அது முரசின் மேலே வெளிப்பக்கமாக முளைக்கின்றது. தெத்துப்பல் பெரும்பாலும் வேட்டைப்பல்லாகவே இருப்பதன் காரணம் இந்த வரிசைக்கிரமமேயன்றி வேறன்று. அதை அழகென்று கொண்டாடுவோரும் உண்டு. அவரோடு எனக்கு வழக்கில்லை.

தோட்டத்து வாய்கள் எப்போதும் சூத்தை நிறைந்தவையாய் இருந்தனவல்ல. நோர்வே நாட்டு ஹரால்ட் லோவும் கூட்டாளிகளும் 1970 முதல் 1985 வரை நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை இடைவெளி விட்டுப் பரிசோதித்து 1986 இல் வெளியிட்ட ஆராய்ச்சி உலகப் பிரசித்தமானது. பல் துலக்கும் வழக்கமோ பல்மருத்துவரின் கையோ காணாத அம்மனிதரிடம் சூத்தை ஏறக்குறைய இல்லை. பல் இழந்தவர் முரசு நோயாலேயே இழந்தனர். நூற்றுக்கு எட்டுப் பேரிடம் அந்நோய் கடுகி வளர்ந்தது, எண்பத்தொரு பேரிடம் மெல்ல வளர்ந்தது, பதினொரு பேரிடம் முரசு வீங்கிய நிலைக்கு அப்பால் அது செல்லவேயில்லை. எலும்பு கரைந்த வாயில் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து வெளியே சாயும். வளர்ந்தோரின் பல்வளைவு குலைவதற்கு அது ஒரு வழி. ஆனால் சூத்தையறியாத பாட்டனின் பேரன் இன்று ஆறு வயதில் கடைவாயைப் பொத்திக்கொண்டு அழுவானாயின், குற்றம் பரம்பரையினதன்று. லயத்தடிக் கடையிலே சரஞ்சரமாகத் தொங்கும் டொஃபிப் பொட்டலங்களை நோக்கியே விரல் நீளவேண்டும்.

வளைவை அகற்றும் யுக்தி பழையது. சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல்மருத்துவர் 1860 இலேயே திருகாணி பூட்டிய கருவியொன்றால் ஒரு சிறுமியின் மேல்வளைவை விரித்தார். அண்ணத்தின் நடுவே ஓடும் எலும்புப் பொருத்து இளவயதில் முற்ற இணையாதிருப்பதால் அது கைகூடிற்று. பருவம் கடந்தபின் அப்பொருத்து இறுகிவிடும். கீழ்த்தாடையில் அத்தகைய பொருத்து கைக்குழந்தைப் பருவத்திலேயே மறைந்துவிடுவதால் அங்கே விரிப்பதற்கு இடமில்லை. பல் ஒன்றையேனும் பிடுங்கலாகாது என்று ஆங்கில் வாதாடினார். அவருடைய மாணாக்கராகிய சார்ள்ஸ் ட்வீட், தாம் அவ்வாறு விரித்துச் சீராக்கிய வாய்கள் மீளக் கெடுவதைக் கண்டு, நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு அவற்றை மறுபடி சீராக்கினார். இரு கட்சியாரும் இன்றும் உளர். என் சிந்தைக்குத் தோன்றுவது, கேள்வி கட்சியைப் பொறுத்ததன்று, பித்தளைக் கம்பி காட்டும் மில்லிமீற்றரைப் பொறுத்தது என்பதே.

மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல்மருத்துவ பீடம் தொலைவன்று. பல்லுக்குக் கம்பி போடவேண்டிய பிள்ளையை ஏழெட்டு வயதில் ஒருமுறை காட்டிவிடுவது, பதினைந்து வயதில் கொண்டுபோய் நிறுத்துவதைவிட எத்தனையோ மடங்கு பயனுடையது. கம்பி கழற்றியபின் இரவில் அணியும்படி ஒரு பிளேட்டைக் கையில் கொடுப்பார்கள். பலர் அதைச் சில மாதங்களில் மேசை இழுப்பறையில் போட்டுவிடுகின்றனர். பின்னர் கீழ் முன்பற்கள் மறுபடி நெருங்கும்போது, ஞானப்பல் வந்து தள்ளிவிட்டது என்று பழி சொல்கின்றனர். ஞானப்பல் பிறவியிலேயே இல்லாதவருக்கும் அந்நெருக்கம் வருகின்றது. கீழ்வளைவின் சுற்றளவு இளமை தொடங்கி முதுமைவரை, கம்பி போட்டவருக்கும் போடாதவருக்கும், மெல்ல மெல்லக் குறைந்துகொண்டேயிருப்பது. வேட்டைப்பற்களின் இடையகலமோ பத்து வயதளவில் நின்றபின், வலிந்து விரித்தாலும் பழைய அளவுக்கே திரும்புவது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரொபேட் லிற்றிலும் கூட்டாளிகளும் சிகிச்சை முடிந்து பத்தாண்டுகள் கழிந்தோரை அழைத்து அளந்தபோது, பெரும்பான்மையோரின் கீழ்வரிசை மீள நெருங்கியிருந்தது. எத்தனை காலம் பிளேட் அணியவேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்குப் பல வைத்தியர்கள் ஆண்டுக்கணக்கு எதுவும் கூறாமல், பல் நேராக இருக்கவேண்டுமென்று எண்ணும்வரை என்று விடை சொல்வது இதனாலேயே.